வரப்பில் நின்ற குடம்

1938 ஜனவரி 31, திங்கள்

இன்று வேலை அரை நாள்தான். கடப்பாரை முனை மழுங்கிவிட்டது, ராஜபாளையத்துக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கி வந்தால்தான் இனிப் பாறையில் இறங்கும் என்று சங்கையா ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிணறு வெட்டுவதில் இந்தப் பக்கம் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்கிறார்கள். வாயிலும் இல்லை. போகிறபோதுகூட, “ஆச்சி, நீங்க ஜெபம் பண்ணப் பண்ணப் பாறை கெட்டிப்பட்டுக்கிட்டே போகுது. ரெண்டு நாளைக்கு நிறுத்தித்தான் பாருங்களேன்” என்றார்.

“நீரு சேவல் அறுக்கணும்னு கேட்டீரு, நான் விடல. அந்தக் கோவந்தான உமக்கு?” என்றேன்.

“கோவம் எனக்கில்ல ஆச்சி. கறி திங்கலாம்னு வாயக் கழுவிட்டு வந்த இந்தப் பயலுகளுக்கு” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நான் வைத்த ஒழுங்கு இதுதான். காலையில் ஆட்கள் குழிக்குள் இறங்குமுன் மேட்டில் முழங்காலிட்டு ஜெபிப்பேன். வெடி வைக்கிற நாளில், திரி கொளுத்துமுன் இன்னொரு ஜெபம், எல்லாரும் கேட்க, சத்தமாய். நான் ஆமென் சொன்ன பிறகுதான் திரியில் நெருப்பு. சங்கையாவுக்கு இது பழகிவிட்டது. “ஆச்சி ஆமென் போட்டாச்சு, ஓடுங்கலே!” என்று அவரே ஆட்களை விரட்டுகிறார்.

பிப்ரவரி 2, புதன்

சாப்பிட உட்கார்ந்தபோது மகன் ஜேசுதாசன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “அம்மா, உயிர்த்தெழுந்த பண்டிகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தண்ணி காணலன்னா நெலத்தக் குடுத்துட்டு ராஜபாளையம் மில்லுல சேந்துருவேன். ஆள் சொல்லி வச்சிட்டேன்.”

இவ்வளவு தூரம் போயிருக்கிறானா! மருமகள் அன்னபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றினாள். அவளுக்கு முன்னமே தெரியும் போல.

அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. போன ஐப்பசி கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. இவன் அப்பா கண்ணை மூடுவதற்கு முந்தின வருஷம் தம் கையால் குழி போட்டு வைத்த தென்னம்பிள்ளைகள் ஒவ்வொன்றாய் மட்டை தொங்குகின்றன. நானும் அன்னபாக்கியமும் ரோட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்து ஊற்றுகிறோம். சுமக்கிற தண்ணீரில் தென்னை பிழைக்குமா?

ஆனாலும் நிலத்தைக் கொடுப்பதா? அவரை இந்த மண்ணில்தான் வைத்திருக்கிறது. நான் மில்லுக்காரர் லயத்தில் போய் உட்கார்ந்து சங்குச் சத்தம் கேட்டுக்கொண்டு சாவதா?

வேதத்தில் நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டின அந்த விதவையை நினைத்துக்கொண்டேன். அவளும் என்னைப் போல் புருஷன் இல்லாதவள்தானே. அவளுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. எனக்கு ஒரு ஊற்று.

பிப்ரவரி 6, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போனோம். எங்கள் சபைக் கோயில் முற்றத்தில் வாழைத்தார், பூசணிக்காய், கோழி என்று வழக்கம்போல ஏலம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் கேட்கப்பட்டால் காணிக்கை வைப்போம், சபைக் குருவான ஐயர் எங்கள் பேரையும் காரியத்தையும் சபைக்கு முன்னால் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவார். கேட்கப்பட்ட பிறகு வைக்கிற காணிக்கை அது. நான் இன்று முன்னாலேயே வைத்துவிட்டேன்.

ஐயர் குனிந்து, “தண்ணி வந்துட்டா அம்மா?” என்று மெதுவாய்க் கேட்டார்.

“வரும். நீங்க சொல்லுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, “மூப்பர் குடும்பத்து ஜெயக்கொடி அம்மாளின் கிணற்றில் ஊற்றுக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தக் கிணற்றில் காணும் முதல் குடம் தண்ணீரை நம் ஆலயத்தின் ஞானஸ்நானத்துக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்து நேர்ந்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தச் சபையில் இப்படி விசுவாசம் காட்டின பொம்பளை வேறு யார்?

வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் கையைப் பிடிக்கிறார்கள். “எம்புட்டு ஆழத்துல வந்துச்சு?” “உப்பா, நல்ல தண்ணியா?” பஸ் வரும்வரைக்கும் பதில் சொல்லி மாளவில்லை. இன்னும் வரவில்லை என்று சொன்னதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜேசுதாசன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பிப்ரவரி 7, திங்கள்

“வராத தண்ணிக்கு ஸ்தோத்திரம் சொன்ன குடும்பம்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க” என்று மகன் கத்தினான்.

கத்தட்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் நான் வேதத்தை எத்தனையோ தரம் வாசித்து முடித்தவள். இவன் ஒரு தரம் வாசித்திருப்பானா?

பிப்ரவரி 18, வெள்ளி

பாறை. அதற்குக் கீழேயும் பாறை.

மார்ச் 2, புதன்

லெந்துத் தவக்காலம் தொடங்குகிறது. இனி உயிர்த்தெழுந்த பண்டிகை வரை காலை ஆகாரம் இல்லாமல் ஜெபிப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

குழி மேட்டிலிருந்து எழும்பும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் ரோசம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு போனாள். நெற்றியில் சாம்பல். ரோமன் சபையில் இன்று பூசிவிடுவார்கள். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. சொல்லவே நாக்குக் கூசுகிறது. என் மாமனார் எங்கள் சபைக்குக் கல் சுமந்து கட்டினவர். அவருடைய இளைய மகன் இவளைக் கட்டுவதற்காக அந்தச் சபைக்குப் போனான். அப்பன் வைத்த பேரைக்கூட விட்டுவிட்டு இருதயம் என்று வைத்துக்கொண்டான். அன்றைக்கே பாகம் பிரித்தாயிற்று. நான் அந்த வீட்டுத் தண்ணீரைக் கையால் தொட்டதில்லை. என் வீட்டுக்காரரும் சாகிற மட்டும் தம்பியோடு பேசவில்லை.

மாமனார் வெட்டின பழைய கிணறு பாகத்தில் அவர்கள் பக்கம் போயிற்று. நல்ல ஆழம். ஆனால் வற்றிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அடியில் எருக்கு முளைத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி உண்டு. எழுதக்கூடாதுதான். உண்டு.

மார்ச் 9, புதன்

வெடி வைத்தோம். ஜெபித்தேன், ஆமென் சொன்னேன், வெடித்தது. புகை அடங்கி எட்டிப் பார்த்தால் காய்ந்த கல். ஈரம்கூட இல்லை.

நிலம் பார்க்க ராஜபாளையத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நான்கு மூலையும் நடந்தார். கூட வந்த ஆளிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். இரண்டுபேரும் குழியை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஜேசுதாசன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். எங்கே வாங்கினானோ. எங்கள் தென்னையில் இளநீர் ஏது!

ஆண்டவரே, இன்னும் எத்தனை தட்டுத் தட்ட வேண்டும்?

மார்ச் 16, புதன்

எழுத்து கோணலாய்ப் போகிறது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் வெடி. எப்போதும் போலத்தான். ஜெபித்தேன், ஆமென் சொன்னேன், எல்லாரும் ஓடிப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றோம். இதுவரை வைத்ததிலெல்லாம் பெரிய வெடி. காலுக்குக் கீழே தரை உதறியது. சங்கையா இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார், கையைத் துடைத்தார். துடைத்த கையில் புழுதிதான் இருந்தது.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கூப்பாடு. இருதயத்தின் குரல். ஐயோ, கல் தெறித்து யார் மேலோ விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். வரப்பில் ஏறினதும் கால் நின்றுவிட்டது. அதைத் தாண்டி எத்தனையோ வருஷமாய்ப் போனதில்லையே.

சத்தம்தான் முதலில் வந்தது. பெரிய பானையில் அரிசி களைகிற மாதிரி. அவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து.

தண்ணீர்!

ரோசம்மாள் கிணற்றடியில் மண்ணில் விழுந்து “மாதாவே, மாதாவே” என்று கும்பிடுகிறாள். இருதயம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுகிறார். எருக்கஞ்செடி தண்ணீரில் மிதந்து மேலே வருகிறது.

பக்கத்தில் வந்து நின்ற ஜேசுதாசன், “அம்மா... நம்ம தண்ணி அங்க போயிருச்சும்மா” என்றான்.

வேலைக்கு ஆள் கூட்டினது நான். காலை ஆகாரத்தை விட்டது நான். சபையில் அவமானப்பட்டது நான். முழங்கால் தோல் உரிந்தது எனக்கு. ஆண்டவரே, என்ன இது? வரப்பு எந்தப் பக்கம் என்று உமக்குத் தெரியாதா?

மார்ச் 17, வியாழன்

முழங்கால் போடவில்லை.

சங்கையா மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “ஆச்சி, வருத்தப்படாதீங்க. ஆண்டவரு தபால கரெக்டாத்தான் அனுப்பியிருக்காரு. தபால்காரன் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டான்” என்றார்.

வேறு நாளாய் இருந்தால் சிரித்திருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். பின்னாலிருந்து, “ஆச்சி! ஆச்சி! வெளையாட்டுக்குச் சொன்னேன்” என்று கூப்பிட்டார்.

மார்ச் 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து பிள்ளைப்பேற்றைத் தவிர வேறு எதற்கும் நின்றதில்லை. திரும்பி வந்த அன்னபாக்கியம், எல்லாரும் கேட்டார்கள் என்றாள். என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

கொழுந்தன் வீட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையைப் பழுது பார்க்கிற சத்தம். தண்ணீர் மொள்ளுகிற தோல்சாலுக்கு எண்ணெய் போடுகிற வாடைகூடக் காற்றில் வருகிறது.

மார்ச் 21, திங்கள்

இன்று நடந்ததை எழுதினால் எனக்கே என்மேல் பயம் வருகிறது.

சங்கையா ஜேசுதாசனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன். “தம்பி, ஒங்க கெணறு அவிய கெணத்தவிட ரெண்டாள் ஒசரம் மேல நிக்குது. வெடியில பாறை கீறிருச்சு, ஊத்து தாழ்வாப் பாத்து ஓடிருச்சு. நாம மூணாள் ஆழம் இன்னும் எறக்குனா, ஊத்து இங்குட்டுத் திரும்பிரும்.”

“அவிய கெணறு?”

“வத்திரும். பழையபடி எருக்குதான்.”

என் நெஞ்சு குதித்தது. கோபத்தில் இல்லை. சந்தோஷத்தில்! கல்யாண வீட்டு மேளம் கேட்ட மாதிரி. ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை, கொஞ்சம் காக்க வைத்தார், அவ்வளவுதான் என்று தோன்றியது. உள்ளே போய், “வெட்டும் சங்கையா. இன்னைக்கே எறங்கும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஆச்சி, நீங்க சொன்னாச் சரி” என்றார். ஏனோ பகடி ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 23, புதன்

வேகமாய் இறங்குகிறது. ஜேசுதாசனும் ஆட்களோடு சேர்ந்து குழிக்குள் நிற்கிறான். “நம்ம நெலம், நம்ம கெணறு. யாரு கேக்க முடியும்?” என்கிறான். நானும் அதையே சொன்னேன். காலையில் மறுபடி முழங்கால் போட ஆரம்பித்திருக்கிறேன். வாய் ஜெபிக்கிறது. மனசு எங்கேயோ நிற்கிறது, கூட வர மாட்டேன் என்கிறது.

வேதத்தில் ஈசாக்கு வெட்டின துரவுக் கிணறுகளை நினைத்தேன். தண்ணீர் எங்களுடையது என்று மேய்ப்பர்கள் சண்டைக்கு வந்தபோது அவன் என்ன செய்தான்? விட்டுவிட்டு வேறு துரவு வெட்டப் போனான். அவனுக்குப் போவதற்கு இடம் இருந்தது. எனக்கு எங்கே இருக்கிறது?

மார்ச் 25, வெள்ளி

வரிசையாய் எழுதப் பார்க்கிறேன்.

இன்றைய வெடியில் ஊற்று திரும்பிவிடும் என்று சங்கையா சொல்லியிருந்தார். பாறையில் மூன்று குழி அடித்து வெடிமருந்து போட்டாயிற்று. மேலே மண் கெட்டித்துத் திரி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் ரோசம்மாள் வந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம், தளும்பத் தளும்ப. வரப்பில் குடத்தை இறக்கி வைத்தாள். வரப்பைத் தாண்டவில்லை.

“அக்கா, இன்னைக்குத்தான் கலங்கல் தெளிஞ்சு மொதச் சால் எறச்சோம். ஒங்க வெடிதான இதத் தொறந்துச்சு? மொதக் குடம் ஒங்களுக்குன்னு அவிய சொன்னாக. எங்களுக்கு இன்னைக்கு மாதா திருநாளு, கோயிலுக்குப் போற வழியில வச்சிட்டுப் போறேன்.”

குழிப்பக்கம் பார்த்து, “வெடி வைக்கப் போறீகளா? ஆத்தாடி, நான் காதப் பொத்திக்கிட்டு ஓடிருதேன்” என்று சிரித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாய்ப் போய்விட்டாள். எதற்கு வெடி என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் சிரித்துவிட்டுப் போகிறாள்.

“கண்டுக்காதீங்கம்மா. ஜெபம் பண்ணுங்க, நேரமாகுது” என்றான் ஜேசுதாசன்.

சங்கையா குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, “ஆச்சி, ஆமென் சொல்லுங்க. மண்ணு கெட்டிச்சுட்டுத் திரியை வச்சிருதேன்” என்றார்.

முழங்கால் போட்டேன். கண்ணை மூடினேன். “எங்கள் பரம பிதாவே” என்று தொடங்கினேன்.

அதற்குமேல் வரவில்லை.

என்ன கேட்பது? எப்போதும் கேட்பது, இந்தக் கிணற்றில் தண்ணீர் தாரும் என்று. இன்றைக்கு அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? ரோசம்மாள் கிணற்றிலிருந்து பிடுங்கி எனக்குத் தாரும். அவள் வரப்பில் வைத்துவிட்டுப் போன குடம் அவளுக்குக் கடைசிக் குடமாய் இருக்கட்டும். இதுதானே? இதை வாய்விட்டு, ஆட்கள் கேட்க, இயேசுவின் நாமத்தில் கேட்க வேண்டும்!

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ. “ஆச்சிக்கு மயக்கமா?” என்று ஒருவன் கேட்டது காதில் விழுந்தது. ஜேசுதாசன், “அம்மா, ஆமென் சொல்லுங்க” என்றான். இன்னொரு தரம் சொன்னான். ஆமென் வரவில்லை.

எழுந்தேன். “சங்கையா, கைய எடும். வெடி வேண்டாம்.”

“மருந்து போட்டாச்சே ஆச்சி!”

“எடுத்துரும்.”

“போட்ட மருந்த எப்படி எடுக்க? சும்மா விட்டாலும் ஆபத்து. தண்ணி ஊத்திக் கொல்லணும். குடத்துத் தண்ணி வேணும்.”

தண்ணீர்! சுற்றிப் பார்த்தேன். ஆட்கள் குடித்து முடித்த பானை கவிழ்ந்து கிடக்கிறது. ரோட்டுக் கிணறு எங்கேயோ இருக்கிறது. வரப்பில் அந்தக் குடம் வெயிலில் நிற்கிறது.

போய் எடுத்தேன். எவ்வளவு கனம்! கையில் பட்ட இடம் சில்லென்று இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கினார்கள். சங்கையா மூன்று குழியிலும் ஊற்றினார். கறுப்பாய் நுரைத்துக்கொண்டு மருந்து செத்துப்போயிற்று.

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு? எல்லாம் போச்சு! நெலம் போச்சு!” என்று ஜேசுதாசன் தலையில் அடித்துக்கொண்டான். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஒரே ஒரு நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது. என் கிணறு கண்ட முதல் தண்ணீர், ரோசம்மாள் கொடுத்த தண்ணீர்.

மார்ச் 26, சனி

வாங்கின பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. சண்டைக்காரர் பாத்திரம் என்றாலும்தான். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே கொட்டை எடுத்த புளியை நிரப்பினேன். வரப்பில் ஏறினேன். அந்தப் பக்கம் இறங்கினேன்.

அவ்வளவுதான். எழுதும்போது ஒரு வரி. இறங்குவதற்கு எத்தனை வருஷம்!

கொழுந்தன் கமலை மாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. பக்கத்தில் இருந்தும் நான் இதைப் பார்க்கவில்லையே. “வாங்க மதினி” என்றார்.

ரோசம்மாள்தான், “அக்கா, உக்காருங்க” என்று ஓலைப்பாயை விரித்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் கிணற்றை இறக்கினது எதற்கு, நேற்று மருந்து போட்டது எதற்கு, அவள் குடம் எங்கே போயிற்று எல்லாம்.

ரோசம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. கிணற்றை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். “எங்க தண்ணிய எடுக்கவா அம்புட்டு வெடி?” என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். சரி, முடிந்தது என்று திரும்பினேன்.

“எங்க போறீக? நில்லுங்க” என்று சொம்போடு வந்தாள். கோபம் போகவில்லை, சொம்பை நீட்டின விதத்திலேயே தெரிந்தது. “குடிச்சிட்டுப் போங்க. வந்தவுகள வெறும்வாயா அனுப்பப் படிச்சுக் குடுக்கல எங்கம்மா.”

குடித்தேன். நல்ல தண்ணீர். உப்பே இல்லை.

“ஒங்க வெடிக்குப் பயந்து நான் எம்புட்டு செபம் சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றாள் திடீரென்று. “ஒவ்வொரு சத்தத்துக்கும் மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம். கூரை விழுந்துரக்கூடாது மாதாவே, அக்காவுக்குச் சீக்கிரம் தண்ணி குடுத்து இந்தச் சத்தத்த நிறுத்துன்னு.”

“எனக்கா கேட்ட? ஒனக்குக் கேக்கலயா?”

“எங்க கெணறுதான் செத்த கெணறாச்சே. செத்ததுக்கு எதுக்குக் கேக்க?”

கொழுந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “மதினி, இது அப்பா வெட்டுன கெணறு. அண்ணன் பிள்ளைகளுக்கு இதுல முறை உண்டு. நீங்க கேக்காம நான் எப்படிச் சொல்ல?”

கேட்டேன். நின்றபடியே, வாய்விட்டு, “எங்க தென்னைக்கும் ஒரு முறை தண்ணி விடுங்க தம்பி” என்று கேட்டேன். ஆண்டவரிடம் இத்தனை நாள் கேட்டதைவிட இது கஷ்டமாய் இருந்தது.

ஏப்ரல் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் நடந்ததைச் சொல்லி, பொருத்தனை பண்ணின முதல் குடம் வெடிமருந்தில் போயிற்று, இனி என்ன செய்ய என்று கேட்டேன். “அது சேர வேண்டிய இடத்துல சேந்துருச்சு அம்மா” என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், “அடுத்த ஸ்தோத்திரத்த மட்டும் வந்த பிறகு வைங்க” என்றார்.

ஏப்ரல் 8, வெள்ளி

ஒருநாள் அவர்களுக்கு, ஒருநாள் எங்களுக்கு. வரப்பை வெட்டி வாய்க்கால் இழுத்தாயிற்று. ஜேசுதாசன் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் விடியுமுன் மண்வெட்டியோடு சித்தப்பனுக்கு முன்னால் போய் நிற்கிறான்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

முதல் சண்டை. இன்று எங்கள் முறை. கர்த்தர் சிலுவையில் தொங்கின நாளில் மாடு பூட்டுவது பாவம் என்கிறாள் ரோசம்மாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டு சொன்னதால், “தென்னைக்கு வெள்ளிக்கிழமை தெரியுமாட்டி?” என்று கேட்டுவிட்டேன். கடைசியில் யாரும் இறைக்கவில்லை.

ஏப்ரல் 17, உயிர்த்தெழுந்த பண்டிகை

பேத்தி, ஜேசுதாசன் மகள் சுகிர்தம், போர்டிங்கிலிருந்து வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. என்னைத் தாண்டி இரண்டு வகுப்பு போய்விட்டாள்! பண்டிகைப் பலகாரத் தட்டை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாய்த் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்கு ஒரு புதுச் சின்னாச்சி கிடைத்திருக்கிறாள்.

கெடு இன்றோடு முடிகிறது. ராஜபாளையத்துக்காரர் வருவாரோ என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது ஜேசுதாசன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மில்லுக்கு வரலன்னு நேத்தே போய்ச் சொல்லிட்டேன்” என்றான். அன்னபாக்கியம் மோரைச் சோற்றுக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

மே 11, புதன்

தென்னையில் குருத்து.

ஜூன் 14, செவ்வாய்

அய்யனார் கோவில் பக்கம் மலையில் சாரல் விழுகிறதாம். இங்கே காற்று மட்டும்தான், புழுதியை அள்ளிப் போடுகிறது. என் கிணறு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. சங்கையா நேற்று இந்த வழியாய்ப் போனவர் எட்டிப் பார்த்து, “ஆச்சி, இதுக்கு இன்னும் ஜெபம் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். அதை ஏன் காய விட்டார் என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லுவார். சொல்லும் மட்டும் விடுவதாய் இல்லை.

இன்று காலை வழக்கம்போல அந்த மேட்டுக்குப் போனேன். கொழுந்தன் வீட்டுக் கமலை ஓட ஆரம்பித்திருந்தது. ரோசம்மாள் வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, அங்க எதுக்குக் கல்லுல போய் முழங்கால் போடுதீக? தோலு உரிஞ்சு போச்சு, பாக்கேன்ல தினம். இங்க வாங்க. இங்கன மண்ணு மெத்துன்னு இருக்கு.”

“நீ ஒன் மாதா மந்திரத்தச் சத்தமாச் சொல்லுவ.”

“நீங்க மட்டும் என்ன? ஊருக்கே கேக்கும்.”

போய் அவர்கள் கிணற்றடியில் முழங்கால் போட்டேன். ஈரம் சேலையில் ஏறியது.